லுவோப்பால் காட்டுப் பனி

ரவ்னாவை ஊரில் எல்லோரும் 'குழிக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஏதும் இல்லை. செய்கிற வேலை அதுதானே. வடதுருவத்தை ஒட்டிய பின்மார்க் மேட்டு நிலத்தில் அக்டோபரில் பனி தங்க ஆரம்பித்ததிலிருந்து ஜூனில் கடைசித் திட்டு கரைகிறவரை, வாரம் தவறாமல் பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் சறுக்குவண்டியை மாட்டி, மண்வாரி, தராசு, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் அதில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். குறித்த இடத்தில் தரை தெரியும்வரை தோண்டுவாள். குழியின் ஒரு பக்கத்தைச் சுவர் மாதிரி நேராகச் செதுக்கி, அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்வாள். மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கையும் முதலில் மூடிய கையால் அழுத்திப் பார்ப்பாள். உள்ளே போகவில்லை என்றால் நான்கு விரல், அப்புறம் ஒரு விரல், அப்புறம் பென்சில். பென்சிலும் இறங்காவிட்டால் கத்தியை எடுக்க வேண்டும். கத்தி எடுக்கும் நாட்கள் அவளுக்குப் பிடிப்பதில்லை.

"என்ன குழிக்காரி, இன்னும் அடி தட்டுப்படலையா?" என்று பெட்ரோல் பங்க்கில் யாராவது வம்புக்கு இழுப்பார்கள்.

"தட்டுப்பட்டுச்சே! போன ஈஸ்டருக்குக் குடிச்சிட்டு நீ தொலைச்ச கையுறைகூட அங்கதான் கிடந்துச்சு" என்பாள்.

அவள் பிறந்தது கலைமான் மேய்க்கும் குடும்பத்தில். ஆனால் மேய்ப்புக்கு அவள் லாயக்கில்லை என்பது சின்ன வயதிலேயே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. சுருக்குக்கயிறு வீசினால் மானைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் விழும். ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்த பாதிரியாரின் கழுத்திலேயே விழுந்துவிட்டது; அவரும் நல்ல மனுஷர், அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அப்பா போன பிறகு மந்தை அண்ணன் அஸ்லாத்தின் கைக்கு வந்தது. ரவ்னாவுக்கு உரியவை என்று காதில் குறி வெட்டிய சில மான்களும் அதிலேயே மேய்ந்தன. அவள் படிப்பைப் பிடித்துக்கொண்டு கடலோரத்தில் இருக்கும் ட்ரோம்ஸோ நகரத்துக்குப் போனாள். பனியைப் பற்றித்தான் படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அஸ்லாத் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"பனியப் பாக்க எதுக்குடி பட்டணம்? ஜன்னலத் தொறந்தா போதாதா?"

படித்து முடித்துத் திரும்பியவள் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்காக ஊரிலிருந்தே வேலை செய்தாள். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பனி எங்கே இருக்கிறது, எப்போது ஈரமாகிறது என்று ஓரளவு சொல்லும். அடியில் என்ன நடக்கிறது என்று யாராவது தோண்டித்தான் பார்த்தாக வேண்டும். வருடத்துக்கு வருடம் பனி தாமதமாக வருவதையும், சீக்கிரம் போவதையும், நடுக்குளிரில் மழை எட்டிப் பார்ப்பதையும் அவள் கையாலேயே தொட்டு அறிந்துகொண்டிருந்தாள்.

இடையில் ஹேய்கா என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கிழக்கே லுவோப்பால் காட்டுப் பக்கம் மான் மேய்க்கும் குடும்பம் அவனுடையது. தங்கமான ஆள்தான், ஆனால் பேச மாட்டான். காலையில் "காப்பி" என்றால் அன்றைய பேச்சில் பாதி தீர்ந்தது என்று அர்த்தம். அவளோ தூக்கத்திலும் பேசுகிறவள். சில வருடங்கள் பார்த்துவிட்டுப் பிரிந்தார்கள். சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும். அவள் துணிமணியையும் மண்வாரியையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதோடு போயிருக்கும். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு குடும்பத்து மந்தைகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவற்றைப் பிரிக்கும் பட்டியில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஹேய்கா வீட்டார் தன் குட்டிகளின் காதில் அவர்கள் குறியை வெட்டிவிட்டதாக அஸ்லாத் கத்தினான். அவன் கண்ணால் பார்த்ததில்லை. தங்கை பிரிந்து வந்த கோபம் வாயில் வந்துவிட்டது. ஹேய்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய அம்மா காரென் அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சர்ச்சில்கூட எதிரெதிர் வரிசையில்தான் உட்கார்வார்கள்.

ரவ்னா மட்டும் மாதத்துக்கு ஒருமுறை லுவோப்பால் காட்டுக்குப் போய் தோண்டிவிட்டு வருவாள். கல்யாணமான புதிதில் அவள் குறித்து வைத்த அளவிடும் இடம் அது. பாதியில் விட்டால் அத்தனை வருஷத்து அளவும் வீணாகிவிடும். அவர்கள் அவளைப் பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்கள். அவளும் அப்படியே.

இப்படி இருக்கும்போது ஒரு ஜனவரியில் கடல் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. சூரியனே எழும்பாத மாதம். ஊரே ஜன்னலருகில் நின்று பார்த்தது, ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதை. இரவு பகலாக மழை. அது நின்றதும் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, மூக்குமயிர் உறையும் குளிர் வந்தது. அஸ்லாத் மேட்டிலிருந்து போன் செய்தான்.

"ரவ்னா, தோண்டறாளுக, பாதில விட்டுட்டு நின்னுடறாளுக."

பெட்டைகளைத்தான் சொன்னான். எல்லாம் சினையாக இருந்தன. பனியைக் காலால் பறித்து, அடியில் தரையோடு ஒட்டி வளரும் வெள்ளைப்பாசியைத் தின்றுதான் அவை குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும்.

நிலையத்திலிருந்து தோர்கெய்ர் அப்போது ஊருக்கு வந்திருந்தான். செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அவளோடு சேர்ந்து தோண்டுவது அவன் வழக்கம். தெற்கத்தி ஆள், நல்ல உயரம், குழிக்குள் இறங்கினால் எழுந்து வருவதற்குள் முனகித் தீர்ப்பான். இருவரும் மேட்டுக்குப் போனார்கள். மேல் பனி விரலுக்கு இளகிக் கொடுத்தது. அடிக்கு வந்ததும் மண்வாரி 'டங்' என்றது. பென்சில் முறிந்தது. கத்தி வழுக்கியது. மழைநீர் பனிக்குள் ஊடுருவி இறங்கி, தரையில் தேங்கி, அப்படியே ஐஸாக இறுகியிருந்தது. ரவ்னா கையுறையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அடியில் பாசி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பலகாரம் தெரிவதுபோல. மான் பார்க்கலாம், முகரக்கூட முடியாது.

வேறிடத்திலும் அப்படியே. அதற்கடுத்த இடத்திலும்.

"மேலேர்ந்து எடுத்த படத்துல எங்கெல்லாம் நனைஞ்சதுன்னு தெரியுது. கிழக்க போகப்போகக் குறையுது" என்றான் தோர்கெய்ர். "ஆனா அடியில எங்க ஐஸ் பிடிச்சிருக்குன்னு படத்தப் பாத்துச் சொல்ல முடியாது."

"கிழக்கன்னா எங்க?"

அவன் கைப்பேசியை நீட்டினான். அவள் பார்க்காமலே தெரிந்துகொண்டாள். லுவோப்பால் காடு.

தீவனம் வாங்கிப் போடலாம் என்று அஸ்லாத் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான். ஆனால் லாரி வரும் மலைப்பாதை பனியில் மூடிக் கிடந்தது. வந்தாலும், பசித்த வயிற்றில் திடீரென்று தீவனம் விழுந்தால் மான்களுக்கு வயிறு உப்பிக்கொள்ளும், அதிலேயே சாகும்.

மறுநாள் ரவ்னாவும் தோர்கெய்ரும் லுவோப்பாலுக்குப் போனார்கள். காட்டோரத்தில் தோண்டினால் மேட்டுக் கதைதான். ஓடையைத் தாண்டி உள்ளே போனதும் பனி ஆழமாக இருந்தது. காற்று வாரிப் போகாமல் பிர்ச் மரங்கள் தடுத்து வைத்திருந்த பனி. இங்கே மழையும் கொஞ்சம்தான் பெய்திருக்க வேண்டும். ஆழமான பனி அதை மேலேயே குடித்துவிட்டிருந்தது. நடுவில் விரல்கனத்தில் ஒரு பொருக்கு. அதை உடைத்துக்கொண்டு போனால், அடியில் கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி உதிரும் பனி. அதற்கும் அடியில் பாசி, உலர்ந்து, மெத்தென்று.

"நல்லாயிருக்கு!" என்று கத்திவிட்டாள் ரவ்னா.

அடுத்த குழியும் நன்றாக இருந்தது. அதற்கடுத்ததில் மண்வாரி மறுபடி 'டங்' என்றது. இன்னும் சில இடங்களில் தோண்டினார்கள். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்த ஒரு குழி அவள் நெஞ்சிலேயே கிடந்தது.

குடுவையிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டே தோர்கெய்ர் சொன்னான்: "என் அறிக்கையில 'மேய்ச்சல் சாத்தியம் இருக்கலாம்'னு எழுதிடுவேன், ரவ்னா. என் வேலைக்கு அது போதும். உங்க அண்ணனுக்கு 'இருக்கலாம்' போதுமா?"

"போதாது. மந்தை அங்கேர்ந்து இங்க நடந்து வரணும். வந்து ஒண்ணும் இல்லன்னா திரும்பிப் போகத் தெம்பு இருக்காது."

"நான் வேணா உங்ககூட வந்து அவர்கிட்டப் பேசட்டுமா? தப்பாப் போனா ரெண்டு பேர் மேலயும் விழட்டும்."

அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனாலும் தனியாகத்தான் போனாள். அண்ணன் வீட்டு அடுக்களையில் அஸ்லாத் தாடியில் ஐஸ் உருகச் சொட்ட உட்கார்ந்திருந்தான். சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சுத்தி வளைக்காத. போலாமா வேணாமா? உன் வாயால சொல்லு."

"ஓடையத் தாண்டிட்டா அடிப்பனி உதிரியா இருக்கு அண்ணா. பல இடம் பாத்தோம். ஒரு இடம் மோசம்."

"ஒரு இடம் மோசம்னா? மத்ததெல்லாம்?"

"தெரியாது. காடு அவ்வளவு பெருசு. நான் தோண்டினது கைக்குட்டை அளவு." கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஆனா என் மானுங்க மட்டும் தனியா இருந்தா, நான் ஓட்டிட்டுப் போவேன்."

அஸ்லாத் ஆறிப்போன சூப்பைத் தள்ளிவைத்தான். பிறகு, "காடு யாரோடதுன்னு நினைப்பிருக்கா உனக்கு?" என்றான்.

"அதுக்கும் நான்தான் போகப்போறேன்."

ஹேய்கா வீட்டு வாசலில் அவள் ஸ்கூட்டரை நிறுத்தியபோது நண்பகல், வானம் நீலம் பாரித்துக் கிடந்தது. கதவைத் திறந்தவள் காரென்.

"அட, யாரு? எங்க காட்டுல குழி தோண்டிட்டு, எங்களப் பாத்தா குனிஞ்சுக்கற பொண்ணாச்சே!"

"அத்தை, நீங்களுந்தான் என்னப் பாத்தாத் திரைய இழுத்து விடறீங்க."

"வெளிச்சம் கண்ணக் கூசுது."

"சூரியனே வராத மாசத்துலயா?"

காரென் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே விட்டாள். ஹேய்கா தரையில் உட்கார்ந்து ஸ்கூட்டர் பெல்ட்டை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ரவ்னா வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஆரம்பித்தாள்: மழை, ஐஸ், பொருக்கு, கீழ்ப்பனி, அண்ணனின் சினை மான்கள், உங்கள் மந்தை தெற்கு ஓரத்தில் இருப்பதால் வடக்குப் பக்கம் காலியாக... மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்தில் ஹேய்கா தலையைத் தூக்கினான்.

"வரச் சொல்லு" என்றான்.

அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பெல்ட்டைத் துடைக்கப் போய்விட்டான். ரவ்னாவுக்கு மீதிப் பேச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இவன் சொல்லிடுவான்" என்றாள் காரென். "எனக்கு ஒண்ணு இருக்கு. உங்க அண்ணன் இந்த அடுக்களைக்கு வந்து என் கையால காப்பி குடிக்கணும்."

அஸ்லாத்திடம் இதைச் சொன்னபோது, ஐஸைவிட இதுதான் அவனுக்குக் கடினமாக இருந்தது. திட்டினான், கதவைச் சாத்தினான், திறந்தான், தொப்பியை மாட்டிக்கொண்டான். சாயங்காலம் அண்ணனும் தங்கையுமாக காரென் வீட்டில் நின்றார்கள்.

"உக்காரு. வீட்டுக்குள்ள வந்து நின்னுக்கிட்டே இருக்கறவன் போலீஸ்காரன்தான்."

உட்கார்ந்தான். காரென் கோப்பை நிறையக் காப்பியை ஊற்றி, அந்தப் பக்கத்து வழக்கப்படி அதில் உலர்ந்த மான்கறித் துண்டுகளைச் சீவிப் போட்டு, முன்னால் நகர்த்தினாள். அஸ்லாத் ஒரு வாய் குடித்தான். கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குக் குட்டிங்க காது விஷயத்துல... பாக்காமப் பேசிட்டேன்" என்றான்.

"என்னது?"

"பாக்காமப் பேசிட்டேன்னு சொன்னேன்."

"அன்னிக்கு ஊருக்கே கேட்டுச்சு. இன்னிக்கு மேசைக்கு இந்தப் பக்கம் வரலையே."

"தப்பாப் பேசிட்டேன் அத்தை! போதுமா?" என்று அஸ்லாத் வீடே அதிரக் கத்தினான். அலமாரியில் ஒரு தட்டு கிணுங்கியது.

"இப்பக் கேட்டுச்சு" என்று காரென் இன்னும் கொஞ்சம் கறியைச் சீவிப் போட்டாள். ரவ்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தால் எல்லாம் கெட்டுப்போகும். திரும்பிய இடத்தில் ஹேய்காவும் அதே காரணத்துக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மந்தையை நகர்த்தினார்கள். ஹேய்கா முன்னால் ஸ்கூட்டரில் தடம் போட்டுக்கொண்டு போனான். அவன் பின்னால் மணி கட்டிய மூத்த பெட்டை, அதன் பின்னால் மற்றவை, சாம்பல் நிற ஆறு மாதிரி. அஸ்லாத் ஒரு பக்கம், ரவ்னா கடைசியில். மெதுவாகத்தான் போக முடிந்தது. வழியில் சில படுத்துவிட்டன. எழுப்பினால் எழுந்தன. ஒன்று எழவேயில்லை. அஸ்லாத் அதன் பக்கத்தில் மண்டியிட்டுக் கத்தியை எடுத்தபோது ரவ்னா கண்ணை மூடிக்கொண்டாள். அதன் காதில் இருந்தது அவளுடைய குறி.

காட்டோரம் வந்ததும் மணிப்பெட்டை நின்றது. மூக்கைப் பனிக்குள் புதைத்து முகர்ந்தது. முன்னங்காலால் இரண்டு தரம் பறித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. மற்றவையும் நின்றன. அஸ்லாத் திரும்பி ரவ்னாவைப் பார்த்தான்.

அவள் மண்வாரியோடு ஓடிப்போய்த் தோண்டினாள். 'டங்.'

"இது ஓரம் அண்ணா. ஓரம் மோசம்னு சொன்னேனே. ஓடையத் தாண்டணும்."

"நிக்கவே தெம்பு இல்ல அதுங்களுக்கு."

"தாண்டணும்."

ஹேய்கா இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். இறங்கி வந்து மணிப்பெட்டையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, பனியில் தொடை வரை அமிழ்ந்தபடி நடக்க ஆரம்பித்தான். பெட்டை அவன் பின்னால் நடந்தது. ஓடைமேல் உறைந்திருந்த ஐஸ் முனகியது, தாங்கியது. மரங்கள் அடர்ந்தன. ரவ்னாவுக்கு நல்ல குழியெல்லாம் மறந்துபோய், அந்த ஒரு மோசமான குழி மட்டுமே கண்ணுக்குள் நின்றது. காடு முழுக்க அதுபோல இருந்துவிட்டால்?

ஹேய்கா கயிற்றை விட்டான். பெட்டை முகர்ந்தது. பறித்தது. பொருக்கு உடைகிற சத்தம், ரொட்டியின் மேலோடு உடைவதுபோல, எல்லோருக்கும் கேட்டது. மறுபடி பறித்தது. பின்னால் பனித்தூள் பறந்தது. தலையைக் குழிக்குள் விட்டது.

எடுக்கவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். தலை வெளியே வரவேயில்லை. கலைமானில் பெட்டைக்கும் கொம்பு உண்டு; அது மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று பறிக்க ஆரம்பித்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் காடு முழுக்க முதுகுகளும் பின்பக்கங்களும்தான் தெரிந்தன. இளசு ஒன்று தானே தோண்டாமல் மணிப்பெட்டையின் குழியில் மூக்கை நுழைக்கப் பார்த்து, கொம்பால் ஒரு இடி வாங்கிக்கொண்டு நகர்ந்தது.

ரவ்னா மண்வாரியைக் கீழே போட்டாள். சறுக்குவண்டியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தன. அஸ்லாத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி அவன் பாரத்தில் கிறீச்சிட்டது.

"குழி தோண்டறதுல அவ உன்னவிட வேகம்" என்றான்.

"அவளுக்கு நாலு கால்."

"ம்." வேறெங்கோ பார்த்துக்கொண்டு, அவள் தொப்பியை இழுத்துக் காதுவரை மூடிவிட்டான். சின்ன வயதில்கூட அவன் அப்படிச் செய்ததில்லை.

தோர்கெய்ருக்கு அங்கிருந்தே போன் செய்தாள். எடுத்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை, "சாப்பிடுதுங்களா?"

"சாப்பிடுதுங்க."

மறுமுனையில் ஒரு பெரிய ஆள் நாற்காலியில் விழும் சத்தம் கேட்டது.

அன்றிரவு ஹேய்கா வீட்டுத் தரையில் கலைமான் தோலை விரித்துப் படுத்தவள், காலையில் காரென் காலால் தட்டி எழுப்பும்வரை புரளவில்லை. மழை பெய்த நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கியதே இல்லை.

எல்லாம் பிழைத்தன என்று சொல்ல முடியாது. அந்தக் குளிரில் மேட்டில் நிறையப் பேர் நிறைய இழந்தார்கள். அஸ்லாத்தின் மந்தையிலும் சில போயின. வசந்தத்தில் பிறந்த குட்டிகளும் வழக்கத்தைவிடக் குறைவு. ஆனால் மந்தை இருந்தது. தோர்கெய்ரும் ரவ்னாவும் அதன் பிறகு பிர்ச் காடுகளில் புதிதாகப் பல இடங்களைக் குறித்தார்கள். எந்த மாதிரி இடத்தில் மழை அடிவரை இறங்குகிறது, எங்கே பனி அதை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. இன்னும் முழுசாகப் பதில் கிடைக்கவில்லை. கேட்கிற மேய்ப்பர்களிடம் ரவ்னா அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவாள்.

அவளும் ஹேய்காவும் மறுபடி சேர்ந்துவிட்டார்களா என்று ஊர் கொஞ்ச நாள் ஆவலோடு காத்திருந்தது. இல்லை. காட்டில் தோண்டப் போகும் நாட்களில் அவன் சிலசமயம் வந்து மண்வாரி பிடிப்பான். அவள் பேசுவாள், அவன் தோண்டுவான். இருவருக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

ஜூன் கடைசியில், எந்தப் பெட்டைக்குப் பின்னால் ஓடுகிறதோ அதன் சொந்தக்காரர் குறியைக் குட்டியின் காதிலும் வெட்டும் நாள் வந்தது. லுவோப்பாலில் இரண்டு மந்தைகளும் கலந்து கிடந்ததால் பட்டியும் ஒன்றாகத்தான் போட்டார்கள். வெயில், கொசு, புழுதி, கனைப்பு. நடுவில் ஒரு கறுத்த குட்டி யாருடைய பெட்டைக்குப் பின்னால் ஓடியது என்பதில் அஸ்லாத்துக்கும் காரெனுக்கும் தகராறு.

"அது எங்க பெட்டையோட குட்டி! கண்ணு தெரியலையா அத்தை?"

"கண்ணு நல்லாத் தெரியுது. உன் பெட்டை பின்னால ஓடற குட்டி வெள்ளை. குளிர்ல மூளையும் உறைஞ்சுபோச்சா?"

"சரி, விட்டுப் பாப்போம், எது பின்னால போகுதுன்னு!"

"விடு! விடு பாப்போம்!"

ரவ்னா பட்டிக்கம்பில் சாய்ந்து, ரொட்டியைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக இரு வீட்டுக்கும் நடுவில் கிடந்த மௌனத்தைவிட இந்தச் சத்தம் அவளுக்கு எவ்வளவோ இதமாக இருந்தது. ஹேய்கா பக்கத்தில் வந்து நின்றான்.

"குட்டி எங்க அம்மாவோடது" என்றான் மெதுவாக.

"தெரியும்" என்றாள் ரவ்னா. "கொஞ்ச நேரம் கத்தட்டும்."